இறக்கைப் புலியும் மருதாயியின் கட்டைவிரலும்

வெகு காலத்துக்கு முன்னே குறும்பொழில் என்ற நாட்டை உக்கிரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். காலையில் ஒன்று சொல்வார், மாலையில் வேறொன்று சொல்வார், அவ்வளவே.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். வேட்டைத் தலைவன் இடும்பராயன் காட்டிலிருந்து திரும்பினால், தான் கொன்ற மிருகத்தைப் பற்றிச் சபையில் சொல்ல வேண்டும். சித்திரக்காரி மருதாயி அதைக் கேட்டுப் படம் வரைய வேண்டும். ராஜா பாதிக் கதையிலேயே குறட்டை விடுவார். முடிந்ததும் விழித்து, அவனுக்குப் பட்டுச் சால்வை போர்த்துவார்.

நாளடைவில் சபை முழுக்கப் படங்களையே சுற்றி நின்றது. இறக்கை முளைத்த புலி, தும்பிக்கை வைத்த முள்ளம்பன்றி, மீசைக்காரப் பாம்பு. கதை கேட்க ஆளில்லை. இடும்பராயனுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

"மகாராஜா, இந்தக் காட்டில் எனக்குத் தெரியாத மிருகமில்லை. இவள் வரைந்ததில் ஒன்றுகூட அங்கே கிடையாது. சபையில் பொய் சொன்னால் கட்டைவிரலை வெட்டுவது நம் சட்டம்" என்றான்.

"அப்படியா? வெட்டிவிடலாம்" என்றார் ராஜா, வெற்றிலை மடித்தபடி.

கட்டைவிரல் போனால் மருதாயியால் தூரிகை பிடிக்க முடியாது, பிழைப்பே போச்சு. ஆனாலும் நிதானமாகச் சொன்னாள்: "காதில் விழுந்ததைத்தான் வரைந்தேன், மகாராஜா. ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் சொன்னவர் பேச்சை அப்படியே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்."

ராஜா திருப்பிப் படித்தார். "தைப் பௌர்ணமி. இறக்கையை அடித்துக்கொண்டு வந்த புலியை ஒரே அம்பில் வீழ்த்தினேன். சொன்னவர், இடும்பராயன்."

வாரம் ஒரு கதையாக அளந்த இடும்பராயனுக்கு எதை எப்போது அளந்தோம் என்று எங்கே நினைவிருக்கும்?

"இந்தப் புலி இருக்கிறதா, இல்லையா?" என்றார் ராஜா. "இல்லையென்றால் பொய் சொன்னது நீர்."

இடும்பராயன் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டான். "இருக்கிறது, மகாராஜா. நிறைய."

"நல்லதாய்ப் போயிற்று. ஒன்றை உயிரோடு பிடித்து வாரும். அதுவரை ஊர்ப்பக்கம் வர வேண்டாம். மருதாயி, நீயும் நாலு காவலரோடு போய், நடப்பதை அப்படியே வரைந்து வா. சால்வை இனி உனக்குத்தான்."

பத்தாம் நாள் மருதாயி படத்தோடு வந்தாள். அதில் இடும்பராயன் மரத்தின் உச்சிக் கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தான். கீழே ஒரு முயல் புல் தின்றுகொண்டிருந்தது.

ராஜா வெகுநேரம் அதையே பார்த்தார். "மற்றதையெல்லாம் நம்பிவிட்டேன், மருதாயி. இதை எப்படியம்மா நம்புவது?"

"இது ஒன்றுதான், மகாராஜா, நான் கண்ணால் பார்த்து வரைந்தது."