கயிற்றின் கடைசி ஆள்

தீர்ப்பு சொல்வதற்கு முன் முழுக்கக் கேளுங்கள். பனிமலையில் கால் வைக்காதவர்களுக்குத்தான் தீர்ப்பு சீக்கிரம் வந்துவிடும்.

எல்லைக் காவலுக்கு ஏழு சிப்பாய்கள் மறுநாள் மேலே ஏற வேண்டும். பனிக்கு அடியில் பிளவு எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஏழு பேரையும் ஒரே கயிற்றில் பிணைப்பார்கள். யாராவது உள்ளே விழுந்தால் கடைசி ஆள் அந்த நொடியே பனிக்கோடரியைத் தரையில் பாய்ச்சி, அதன்மேல் படுத்து, கயிற்றை நிறுத்த வேண்டும். அந்த இடம் நாயக் பதவியில் இருந்த மாசிலாமணிக்கு உரியது. போன வருடம் அங்கே நின்று ஒருவரைப் பிடித்தவன். அவர் பிழைத்தார், ஆனால் இடுப்பெலும்பு நொறுங்கி வீட்டோடு இருக்கிறார். இன்னும் சீக்கிரம் பிடித்திருக்கலாமோ என்கிற நினைப்பு மாசிலாமணியை அரித்துக்கொண்டே இருந்தது.

அன்று காலையில் ஒத்திகை. ஆள் எடைக்குப் பனி அடைத்த மூட்டையைக் கயிற்றின் முன்முனையில் கட்டிப் பள்ளத்தில் உருட்டிவிடுவார்கள். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். அது இழுத்த இழுப்புக்கு எல்லாரும் போக வேண்டுமல்லவா? மாப்பிள்ளை விழுந்தது. மாசிலாமணியின் கை ஒரு மூச்சு தாமதித்தது. எல்லாரும் இரண்டு முழம் சறுக்கினார்கள். பனி பொதபொதவென்று இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அவன் சும்மா இருந்திருந்தால் எவருக்கும் தெரிந்திருக்காது.

மதியம் அணிவகுப்பில் அவனே முன்னால் வந்தான். "பனி மேல தப்பில்லீங்க. என் கைதான் நின்னுடுச்சு. பயமா இருக்கு."

இருபத்தாறு வருடம் மலையில் கழித்த சுபேதார் வேலாயுதப்பெருமாள் அவனைத் தனியே அழைத்தார். "உடம்பு சரியில்லன்னு எழுதிருதேன். சாயங்கால வண்டில கீழ போயிரு. ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஆறு பேரு உசுருடே."

"உடம்பு நல்லாத்தான் இருக்கு, ஐயா. பொய் எழுதாதீங்க. பயம்னுதான் சொன்னேன், வரலைன்னு சொல்லல. கடைசி எடத்த வேற யாருக்காவது குடுங்க. கயித்துலருந்து மட்டும் என்னை அவுக்காதீங்க."

ஏழு பேரில் ஒருவரான ஹவில்தார் எட்வின் பேச்சு காதில் விழுந்து பக்கத்தில் வந்து சொன்னார், "அங்க நான் நிக்கேன். எனக்கு ஒரு நாளும் கை வெறச்சது இல்ல."

அது உண்மைதான். அவர் இதுவரை யாரையும் பிடிக்க நேர்ந்ததில்லை என்பதும் உண்மை.

மூவரும் கேப்டன் முன்னால் போய் நின்றார்கள். வண்டி கிளம்ப இரண்டு மணி நேரம் இருந்தது. சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி? கடைசி இடத்தில் நீங்கள் யாரை நிறுத்துவீர்கள்?

விடை: ஆறு உயிரை நினைப்பது சுபேதாரின் வேலை, அதில் குற்றமில்லை. ஆனால் உண்மை சொன்னவனுக்குப் பொய்ச்சீட்டு எழுதப் பார்த்தார், அங்கே தவறினார். எட்வினின் தைரியம் நிஜம், அதை இன்னும் யாரும் இழுத்துப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னதிலும் வருவேன் என்றதிலும் மாசிலாமணி செய்ததே சரி. இடத்தை விட்டுக்கொடுக்க வந்தது மட்டும் தப்பு. தன் கை எங்கே தாமதிக்கும் என்று தெரிந்தவன் அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவன்தான். கேப்டனும் அப்படித்தான் நினைத்தார். அவனையே கடைசியில் நிறுத்தி, சொல்லாமல் கொள்ளாமல் பத்துத் தடவை மூட்டையை உருட்டச் செய்தார். முதல் தடவை ஒரு சாண் சறுக்கல். மூன்றாவதிலிருந்து கயிறு அசையவில்லை. வண்டி அவன் இல்லாமல் கீழே போனது. மறுநாள் மாசிலாமணி கடைசி ஆளாகவே மலையேறினான். பயத்தோடுதான் ஏறினான். ஏறக் கூடாதென்று எவன் சொன்னான்?