ஆவணி மாசத்து ஈஸ்டர் மணி

ஒரு ஊர்ல ஒரு கோயில்பிள்ளை, கோபுரத்து உச்சியில மணிக்கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. அடிக்க மாட்டேங்கிறாரு. கீழ ஊரே கத்துது. கோயில்பிள்ளைன்னா தெரியும்ல? சர்ச்சைப் பெருக்கி, விளக்கேத்தி, மணி அடிக்கிறவரு. பேரு வேதமுத்து. ம் சொல்லு. சொன்னாத்தான் மேல போவேன்.

அன்னைக்கு விடியக்காலையில அவரு பொஞ்சாதி ராஜகனி செத்துப்போச்சு. சுத்தி வளைச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது. செத்துப்போச்சு. அந்த ஊர்ல யாரு செத்தாலும் துக்க மணி அடிக்கணும். டங்ங்... அந்தச் சத்தம் முழுசா அடங்கினப்புறம்தான் இன்னொரு டங்ங்... ஈஸ்டர் மணி, இயேசு உயிர்த்தெழுந்த நாளுக்குப் பங்குனி சித்திரையில அடிக்கிறது, அப்படி இல்ல. விடாம, ரெண்டு கையாலயும், கணகணகணகண! ஊரே மெழுகுவத்தியோட ஓடி வரும்.

ராஜகனி படுக்கையில கிடந்தப்போ புருஷன்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லிச்சு. "எனக்குத் துக்க மணி அடிக்காதீக. நானும் உயிர்த்தெழும்பத்தானே போறேன்? ஈஸ்டர் மணி அடிங்க." அவரும் சரின்னு தலையாட்டிட்டாரு. ரெண்டாவது என்னவா? பொறு, வருது.

அப்போ சபைப் பெரியவர் தங்கையா தடதடன்னு படியேறி வந்தாரு. "என்னவே, கை மரத்துப்போச்சா? துக்க மணியை அடியும். சாவு வீட்டுக்கு ஈஸ்டர் மணி அடிச்சா ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் அண்ணாச்சி. அவளுக்கும் சிரிச்ச முகந்தான்."

தங்கையா தடதடன்னு இறங்கிட்டாரு.

அப்புறம் ராஜகனி தம்பி சாலமோன் வந்தான். மூக்கை உறிஞ்சிக்கிட்டே, "அத்தான், எங்க அக்கா செத்ததுல உங்களுக்கு அவ்ளோ சந்தோஷமா?"ன்னான். சுருக்குன்னு குத்திருச்சு. வேதமுத்து கயித்தை இன்னும் இறுக்கிப் பிடிச்சாரு.

மூணாவதா ஐயர், அதான் சர்ச்சுப் பாதிரியார். பதவியும் பெருசு, உடம்பும் பெருசு. புஸ்ஸு புஸ்ஸுன்னு ஏறி வந்து படியிலயே உக்காந்துட்டாரு. "வேதமுத்து, அவ எழும்புவான்னு நீர் நம்புறீரா?"

"மத்தவங்க அடக்கத்துல பாட்டுப் பாடுனப்போ எல்லாம் நம்புனேன் ஐயா. இன்னைக்குத் தெரியல. ஆனா அவ நம்புனா."

ஐயர் சுவத்தைப் பிடிச்சு எந்திரிச்சாரு. "சரி, எதையாவது அடிச்சிட்டு இறங்கி வாரும். அடக்கத்துக்கு நேரமாகுது."

ம் சொன்னியா? சரி.

அப்போ வேதமுத்து கயித்தை இழுத்தாரு. டங்ங்... கீழ ஆம்பளைங்க தோள்துண்டை இறக்குனாங்க. பொம்பளைங்க ஒப்பாரிக்கு வாயைத் தொறந்தாங்க. சத்தம் தேயுது, தேயுது... சாகுறதுக்குள்ள அடுத்ததை இழுத்தாரு பாரு! கணகணகணகணகண! புறாவெல்லாம் படபடன்னு பறந்திருச்சு.

மேலத்தெரு அம்மா ஒருத்தி, "ஐயையோ, ஆவணியில ஈஸ்டரா? மாவு கூட ஆட்டலையே!"ன்னு அலறுனா. சின்னப் பயலுக புதுச்சட்டை கேட்டு அழுதானுக. பாதிப்பேரு நிசமாவே மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு ஓடி வந்துட்டாங்க. வந்த இடத்துல பாத்தா சவப்பெட்டி. ஊதி அணைக்க யாருக்கும் மனசு வரல. பட்டப்பகல்ல, கையில தீபத்தோட, பெட்டிக்குப் பின்னால நடந்தாங்க. சாலமோனும் ஒண்ணு வாங்கிக்கிட்டான். தங்கையா கையிலயும் ஒண்ணு. கேட்டா, "காத்துக்கு அணையாமப் பாத்துக்கிறேன்"னாரு.

அப்புறம் கல்லறைத் தோட்டத்துல பெட்டியை இறக்குனாங்க. வேதமுத்து குனிஞ்சு ஒரு கை மண்ணை அள்ளிப் போட்டாரு. "முன்னால போய் இரு, பின்னாலயே வாரேன்"னாரு. சும்மா சொல்லல. அந்த நிமிஷம் நம்பித்தான் சொன்னாரு.

ராஜகனி சொன்ன ரெண்டாவது விஷயம் என்னன்னா, "கொஞ்ச நாள் பிரிவுதான், அழாம இருங்க."

வேதமுத்து ஓஓஓன்னு அழுதாரு. அந்த மணியை விட சத்தமா.

அவரு பொஞ்சாதி சொன்னதைக் கேக்கல. கதை அம்புட்டுத்தான். நீயாவது சொன்னதைக் கேளு, கண்ணை மூடு.