எந்தப் பெட்டி தப்பு

குழந்தைவேலுவுக்கு அறுபத்தொரு வயசு. அவருடைய குரு ஜுலைகாவுக்கு முப்பத்து நாலு. ஈரோட்டில் ஸ்பீக்கர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், அவர் அவளை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை "ஐயா" என்பாள்.

அவர் தொழில் கற்க வந்ததற்குக் காரணம் ஒரு கேசட். மகள் பிரதீபா பள்ளிக்கூடத்தில் படித்தபோது பாடிப் பதிந்தது. போன ஐப்பசியில் மழையோடு ஸ்கூட்டரில் கிளம்பியவள் திரும்பி வரவில்லை. அவள் குரலில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சே நின்றுபோனது. வண்டி வாங்கித் தரச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தது மனைவி பூங்கோதைதானே என்று இவருக்கு. நேரமாச்சு கிளம்பு என்று மழையில் விரட்டியது இவர்தானே என்று அவளுக்கு. இவர் கூடத்தில் அழுவார், அவள் அடுப்படியில் அழுவாள். ஒருவர் வந்தால் மற்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். என்ன ஜென்மங்களோ.

நேற்றுக் காலையில், அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்க அவரே கட்டிய ஸ்பீக்கர் செட் தயாரானது. பூங்கோதையை இரண்டு ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவில் உட்காரச் சொன்னார். ஐந்து மாதத்தில் அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அந்த "உக்காரு"தான்.

பாட்டு வந்தது, பிரதீபா வரவில்லை. குரலில் அடிக்கனமே இல்லை. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் தெரியாமல் காதைச் சுற்றி அலைந்தது. பூங்கோதை பாதியில் எழுந்தாள்.

"இதையும் கெடுத்துட்டீங்களா?"

அவ்வளவுதான் சொன்னாள். இன்று நாலு மணி பஸ்ஸில் கரூருக்கு, அண்ணன் வீட்டோடு போய்விடப் போகிறாள். துணிமணி கட்டியாகிவிட்டது.

இதையெல்லாம் கொட்டிவிட்டு, ஆட்டோவில் கொண்டுவந்த இரண்டு பெட்டிகளையும் ஒயரோடு ஜுலைகாவின் மேசையில் வைத்தார். இடது பெட்டியைத் தனியாகப் போட்டால் மகள் எதிரில் நின்று பாடுகிற மாதிரி இருக்கிறதாம். வலதும் அப்படியேதானாம். சேர்த்துப் போட்டால்தான் காணாமல் போகிறாளாம்.

ஜுலைகா பெட்டிகளின் முன்துணியைக் கழற்றினாள். டார்ச் செல் ஒன்றை எடுத்து, இடது ஒயரின் முனைகளில் தொட்டாள். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு வெளியே தள்ளியது. வலது ஒயரில் அதே மாதிரி தொட்டாள். கூம்பு உள்ளே இழுத்துக்கொண்டது.

"இந்தப் பக்கம் ஒயர் பத்தலைன்னு ஒட்டுப் போட்டீங்களா?"

"வீட்ல கெடந்த ஒயருங்க. ரெண்டு இழையும் வெள்ளை. எது பிளஸ், எது மைனஸ்னு பாக்கலைங்க மாஸ்டர். சத்தம் வந்துச்சு, விட்டுட்டேன்."

"ரெண்டும் ஒரே பாட்டைத்தான் பாடுது. இது தள்ளுறப்ப அது இழுக்குது. நடுவுல உக்காந்தவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

அவர் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எந்தப் பெட்டி தப்புங்க?"

"ரெண்டும் நல்ல பெட்டி."

"ஒயரைத் திருப்பிப் போட வேண்டியது எதுலன்னு கேக்கறேன்."

"ஏதாவது ஒண்ணு. எதைத் திருப்பினாலும் சரியாயிரும்."

ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் முடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மூன்றே கால். வீட்டுக்கு ஆட்டோவில் போனாலும் இருபது நிமிஷம் ஆகும். ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடியே கேட்டார்.

"ஒண்ணை மட்டும் ஏன் திருப்பணும்? ரெண்டையும் திருப்பிட்டா நியாயமா இருக்குமுங்களே மாஸ்டர்?"

ஜுலைகா டார்ச் செல்லை மேசை மேல் வைத்தாள்.

"நியாயமாத்தான் இருக்கும் ஐயா. அப்பவும் ஒண்ணு தள்ளும், ஒண்ணு இழுக்கும். புள்ள குரல்தான் வராது."