கையை விடாமல் வாங்கிய சேலை

மதிநல்லூர் என்று ஒரு ஊர். அந்தப் பெயரை வைத்த மகராசன் ஊருக்குள் கால் வைக்காமலே வைத்திருக்க வேண்டும். அங்கே மொக்கையன் என்று ஒருவன் இருந்தான். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, அவனுடைய மூன்று கூட்டாளிகளைத் தவிர.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் பெண்டாட்டி ஒச்சம்மாள் ஒரு பழைய ரவிக்கையை அவன் தோளில் போட்டாள். மறுநாள் விடிந்தால் அவள் தம்பிக்குக் கல்யாணம். தாலியில் மூன்றாவது முடிச்சு அவள்தான் போட வேண்டும்.

"இந்தாய்யா, டவுன் சந்தையில அச்சு அசலா இதே மாதிரி ஒரு சேலை வாங்கிட்டு வா. சேலை வரலைன்னா நாளைக்குப் பந்தியில உனக்கு இலை கிடையாது."

கல்யாணத்தில் கறிச்சோறு. அதை நினைத்துக்கொண்டுதான் மொக்கையன் ஒரு வாரமாகத் தூங்குகிறான்.

"போன தடவை மாதிரி ஆளுக்கொரு பக்கம் தொலைஞ்சு போயிராதீங்க. நாலு பேரும் கையைப் பிடிச்சுக்கங்க. வீடு வந்து சேர்ற வரைக்கும் விடக்கூடாது" என்றாள், அவனோடு கிளம்பக் காத்து நின்ற கூட்டாளிகளையும் பார்த்து.

வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். முதலில் மொக்கையன், அப்புறம் சுருளி, அப்புறம் வீரணன், கடைசியில் கருத்தக்கண்ணன்.

சந்தைத் திடலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மண் பொம்மை, ஓலைக் கூடை, சுங்குடிச் சேலை, எண்ணெயில் மிதக்கும் பஜ்ஜி. உள்ளே நுழைந்ததுமே கூடைக்கடைப் பந்தலின் கம்பம் குறுக்கே வந்துவிட்டது. இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர்.

"திரும்பி வந்து ஒரே பக்கமாப் போவமா?" என்றான் வீரணன்.

சுருளி யோசித்தான். அவன் யோசித்தால் யாருக்காவது நஷ்டம் வரும். "நாம எதுக்கு மாப்ள திரும்பணும்? நாம நடந்து வந்தோம். கம்பம் சும்மாதானே நின்னுச்சு? அதுதான் விலகணும்."

நியாயமான பேச்சு. நான்கு பேரும் ஒரே இழுப்பாக இழுத்தார்கள். கம்பம் விலகியது. கூடவே பந்தலும் விலகி, கூடைக்காரம்மாள் தலையில் உட்கார்ந்தது. அந்த அம்மாள் வாழ்த்திய வாழ்த்து திடலின் அடுத்த கோடி வரைக்கும் கேட்டது.

சேலைக்கடைக்காரர் துளசிராமன் பொறுமைசாலி. ரவிக்கையைப் பார்த்தார், மூட்டையைப் பிரித்தார், அதே அரக்கு நிறத்தில் ஒரு சேலையை எடுத்து விரித்தார்.

"கறை எங்கே?" என்றான் மொக்கையன்.

"என்ன கறை?"

"ரவிக்கையில கை ஓரமா மஞ்சக் கறை இருக்கு பாருங்க. அச்சு அசலா இதே மாதிரி வேணும்னு சொல்லியிருக்கா."

"அண்ணே, புதுச் சேலையில எப்படிண்ணே கறை இருக்கும்?"

"அப்ப நல்ல சரக்கு இல்லைன்னு சொல்லுங்க" என்றான் சுருளி. துளசிராமனின் பொறுமை அந்த இடத்தில் கொஞ்சம் கிழிந்தது. பக்கத்துக் கடைக்குப் போய், பஜ்ஜிக்கு வைத்திருந்த சட்னியில் ஒரு விரலை முக்கி வந்து முந்தானையில் தேய்த்தார். மொக்கையன் முகம் மலர்ந்தது. பந்தியில் இலை விழும் சத்தமே அவன் காதில் கேட்டது.

அந்த நேரம் பார்த்துக் கருத்தக்கண்ணன் ஓவென்று அழுதான். "என்னோட இந்தக் கையை யாரும் பிடிக்கலை. நான்தான் தொலையப் போறேன்!"

மொக்கையன் தன் கையைப் பார்த்தான். ஒரு கை சும்மா கிடந்தது. இரண்டு பேரும் ஓடி வந்து கோத்துக்கொண்டார்கள். வட்டம் மூடியது. வட்டத்துக்கு நடுவில் துளசிராமனும் மூட்டையும்.

"சேலையைப் பிடிங்கண்ணே."

"கை காலியா இல்லையே. நீங்களே கொண்டு வாங்க."

அவர் குனிந்து நழுவப் பார்த்தார். "சேலை போகுது!" என்று நெருக்கினார்கள். வட்டம் நகர்ந்தது. நடுவில் மூட்டையோடு அவரும் நகர்ந்தார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் ஒச்சம்மாள் அவர் கையிலிருந்து சேலையை வாங்கினாள். கறையைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டு கறையைக் கழுவப் போய்விட்டாள்.

"வீடு வந்தாச்சு, கையை விடு" என்றான் மொக்கையன்.

"உன் வீடு வந்துச்சு. என் வீடு வரலையே" என்றான் சுருளி.

சுருளி வீட்டுக்குப் போனார்கள். இப்போது மொக்கையன் தன் வீட்டில் இல்லை. வீரணன் வீட்டுக்குப் போனால் சுருளி தன் வீட்டில் இல்லை. ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தெருப் பெண்கள் எல்லாம் வட்டத்துக்குள் தலையை நீட்டிச் சேலை எடுத்தார்கள். சந்தையில் விற்காத சரக்கெல்லாம் விற்றதால் துளசிராமனும் நழுவுகிற எண்ணத்தை விட்டுவிட்டார்.

மறுநாள் ஒச்சம்மாள் அரக்குச் சேலையில் மூன்றாவது முடிச்சைப் போட்டாள். பந்தியில் மொக்கையனுக்கு இலை விழுந்தது. வட்டமாக நான்கு இலை, நடுவில் ஒன்று. காலியான கை துளசிராமனுக்கு மட்டும்தான் இருந்ததால், அவரே கறிச்சோற்றைப் பிசைந்து ஒவ்வொரு வாயாக ஊட்டிக்கொண்டு வந்தார்.

மொக்கையன் வாய் நிறையச் சோற்றோடு அவரைப் பார்த்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாவம் மாப்ள இந்த மனுசன்" என்றான் சுருளியிடம். "கையைப் பிடிச்சுக்க ஒரு நாதி இல்லை. இத்தனை கூட்டத்துல எப்படித்தான் தொலையாம வீடு போய்ச் சேரப் போறாரோ!"