சாயங்காலப் பீர்க்கும் விடியற்கால மெழுகுபீர்க்கும்

"எனக்குக் காவி குடுங்க தாயே. பேச்சி இனிமே வரமாட்டா."

கேட்டவர் வேலாண்டி. ஐம்பது வயசு. பெண்டாட்டி பேச்சி கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு வருஷம்.

குரு தவமணியம்மாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. மடத்துத் தோட்டத்துப் பந்தலடியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"போய்க் கூப்பிட்டீங்களா அண்ணே?"

"அவ ஆளனுப்பினப்போ நான் வீம்பு பண்ணினேன். இப்ப நான் போய் நின்னா அவ முகம் குடுக்கல. சோத்துல கை வச்சா அவதான். ஒரு வாய் இறங்கல. மறந்து தொலைக்கணும்."

பந்தலில் இரண்டு கொடி. ஒன்று வரிவரியாகக் காய்க்கிற பீர்க்கு. இன்னொன்று வழவழவென்று காய்க்கிற மெழுகுபீர்க்கு. பார்த்தால் அக்காள் தங்கச்சி மாதிரி. இரண்டுக்கும் மஞ்சள் பூ.

"இந்தப் பீர்க்கோட ஆண்பூவை அந்த மெழுகுபீர்க்கோட பெண்பூவுல தடவுங்க. பிஞ்சு நின்னா காவி தரேன்."

"இவ்வளவுதானா?"

சாயங்காலம் பீர்க்கு பூத்தது. மெழுகுபீர்க்கில் ஒன்றுகூட விரியவில்லை. எல்லாம் மொட்டு.

வேலாண்டிக்குப் பொறுமை ஏது? நகத்தால் மொட்டைப் பிய்த்துத் திறந்து தடவினார்.

மூன்றாம் நாள் பிஞ்சு வெம்பி விழுந்தது.

திரும்பவும் பிய்த்தார். திரும்பவும் விழுந்தது.

"இது ஆகாது தாயே. இது சாயங்காலம் பூக்குது. அது விடியக்காலம் பூக்குமாம். ரெண்டும் சேராத ஜாதி."

"விடியக்காலம் வந்து பாத்தீங்களா?"

"எதுக்கு? சாயங்காலம் பூத்தது அதுக்குள்ள மூடிப்போயிருக்கும்."

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? எனக்கே தெரியும்."

"பேச்சி அக்கா மனசும் உங்களுக்கே தெரியும். அப்படித்தானே?"

வேலாண்டி முறைத்தார்.

மறுநாள் விடியும்போது வந்து நின்றார்.

மெழுகுபீர்க்கு அப்போதுதான் ஒவ்வொரு இதழாக விரித்துக்கொண்டிருந்தது.

பக்கத்திலேயே நேற்றுச் சாயங்காலத்துப் பீர்க்குப் பூ. ராத்திரிப் பனியெல்லாம் அதன் மேல்தான். ஓரம் சுருண்டு, துவண்டு கிடந்தது.

மூடவில்லை.

ஒரு தேனீ இதிலிருந்து எழும்பி அதில் போய் உட்கார்ந்தது.

வேலாண்டி அசையாமல் பார்த்தார். கண் கலங்கியது.

"என்ன அண்ணே, தடவலையா? காவி வேணாமா?"

அவர் கை இடுப்பைத் தடவியது. முடிச்சிலிருந்த சாவி அகப்பட்டது.

"ஐயோ! வீட்டைப் பூட்டிட்டு வந்துட்டேனே தாயே. அவ வந்து நின்னா?"

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.