சேறு வைத்துக்கொண்ட தோல்

மலைகள் உட்கார இடம் தேடிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது மரம் பேசும், மிருகம் பேசும், ஆற்றுச் சேறும் பேசும். ஆனால் சேற்றுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் வைத்துக்கொள்ளாது. உள்ளே விழுந்தது யாராக இருந்தாலும் தலையை ஆற்றின் ஒரு திருப்பத்திலும் தொடையெலும்பை இன்னொரு திருப்பத்திலும் கொண்டுபோய்ப் போடும். நாலு மழைக்குள் எல்லாவற்றையும் கரைத்துவிடும்.

அந்த ஆற்றங்கரையில் குழல்தலைக் கூட்டம் ஒன்று மேய்ந்து வந்தது. யானையைவிடப் பெரிய உடம்பு, வாத்தின் வாய், தலையிலிருந்து பின்னோக்கி நீண்ட உள்ளீடற்ற குழல். மூக்கால் இழுத்த காற்று அந்தக் குழலில் ஏறி இறங்கி வெளியே வரும்போது, மலைக்கு அந்தப் பக்கம் யாரோ பெரிய சங்கை ஊதுவதுபோல் இருக்கும்.

கூட்டத்தில் கூழைவாலி என்று ஒருத்தி இருந்தாள். சிறுவயதில், மேய்கிறவர்களை அடித்துத் தின்னும் பெரும்பல்லன் அவள் வால் நுனியைக் கடித்துக்கொண்டு போய்விட்டான். புண் ஆறியது. அதற்குப் பிறகு அவள் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்ட இடம் கூட்டத்தின் கடைசி இடம்.

தண்ணீர்த் துறையில், முகத்தில் மூன்று கொம்பு வைத்திருந்த முக்கொம்பன் அவளைப் பார்க்கும்போதெல்லாம் வாயைக் கொடுப்பான்.

"கொம்பு இல்ல, முதுகுல ஓடு இல்ல, பல்லுகூட வெளிய தெரியல. இந்த வாயை வச்சுக்கிட்டு எப்படித்தான் வெளிய வர்றீங்களோ."

"பல்லு உள்ள இருக்கு, அடுக்கடுக்கா" என்பாள் கூழைவாலி. "ஒரு மரத்தைக் கொண்டா, மென்னு காட்டறேன்."

அழகில்லை என்பது குழல்தலைகளுக்கே தெரியும். அவர்களுடைய பெருமை வேறு இடத்தில் இருந்தது. ஆற்றைக் கடக்கும்போது யாராவது விழுந்து, கடைசியில் வருபவர் ஊதினால், முன்னால் போகிற அத்தனை பேரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். கரையில் இருந்தாலும் சரி, கழுத்தளவு தண்ணீரில் இருந்தாலும் சரி. மறுபடி ஊதும்வரை ஒரு கால் முன்னால் போகாது. இந்த வழக்கம் ஒரு நாளும் தவறியதில்லை. கூழைவாலி ஒரு நாளும் வீணாக ஊதியதில்லை.

அந்த வருஷம் வெள்ளம் முன்கூட்டியே வந்தது. மேய்ச்சல் அக்கரையில் இருந்தது. கூட்டத்துக்குத் தலைவி தழும்பி, குட்டிகளை முன்னால் விட்டு ஆற்றில் இறங்கினாள்.

அவர்களுக்குப் பின்னால் மொட்டையன் வந்தான். அவனும் வாத்துவாய்க்காரன்தான், ஆனால் தலையில் குழல் இல்லாத இனம். தன் கூட்டத்தைத் தொலைத்துவிட்டு இரண்டு மாதமாக இவர்களுக்குப் பின்னால் எட்ட நின்று மேய்ந்துகொண்டிருந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை, விரட்டவும் இல்லை. ஒரு கால் வீங்கியிருந்தது.

"அக்கா, நானும் பின்னாலயே வரட்டுமா?"

"ஆறு என்ன என்னுதா? வா."

"எனக்கு ஊதத் தெரியாதே."

"தலையைப் பாத்தாலே தெரியுது. பேசாம வா."

குட்டிகள் அக்கரை ஏறிவிட்டன. தழும்பியும் ஏறிவிட்டாள். பெரியவர்கள் நடு ஆற்றில் இருந்தார்கள். அப்போது மொட்டையனின் வீங்கிய கால் சேற்றில் புதைந்தது. அவன் இழுத்தான். வரவில்லை. வாயைத் திறந்தான். அந்த வாயிலிருந்து கரைவரை கேட்கிற சத்தம் எதுவும் வராது.

இக்கரைப் புதருக்குள்ளிருந்து பெரும்பல்லன் வந்து நின்றான். அவனுக்கு அவசரமில்லை.

"கூழைவாலி தாயி, நல்லா இருக்கியா? நீ பாட்டுக்குப் போ. அவன் உங்க ஆளில்லையே. உன் மீதி வாலை இன்னொரு நாளைக்கு வாங்கிக்கறேன்."

அவன் சொன்னது சரிதான் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஊதல் கூட்டத்துக்கு உரியது. குழலில்லாதவனுக்காக யாரும் ஊதியதில்லை. ஊதினால் இத்தனை பேரும் ஏறுகிற தண்ணீரில் நிற்க வேண்டும். ஊதாவிட்டால் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை. திரும்பிப் பார்த்தாள். மொட்டையன் அவளைப் பார்க்கவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கூழைவாலி ஊதினாள்.

நடு ஆற்றில் பதினோரு முதுகுகள் அப்படியே நின்றன. அக்கரையிலிருந்து தழும்பி கேட்டாள்.

"யாருடி விழுந்தது?"

"மொட்டையன்."

"அவன் எப்போ நம்ம கூட்டத்துல சேந்தான்?"

"ஊதுனது நான், அத்தை."

தழும்பி நடு ஆற்றில் நின்றவர்களைப் பார்த்தாள்.

"மாருக்கு மேல தண்ணி வந்துட்டுது" என்றாள் தழும்பி. "எல்லாருக்கும் தெரியுதில்ல?"

"தெரியாம என்ன, குளிருதே" என்றான் நடுவில் நின்ற கட்டைக்குரலன். "எப்படி நிக்கணும்னு சொல்லு. வியாக்கியானம் அப்புறம் பாத்துக்கலாம்."

தழும்பி குட்டிகளை மேட்டில் ஏறி நிற்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆற்றில் இறங்கினாள்.

"நம்ம ஊதலுக்கு நிக்காமப் போன நாள் இல்ல. இன்னைக்கும் இல்ல. வரிசையா நில்லுங்க. விலாவோட விலா. இடைவெளி விட்டா நானே முட்டுவேன்."

கூழைவாலி இக்கரைப் பக்கத்து முனையில், தழும்பி அக்கரைப் பக்கத்து முனையில், நடுவே அந்தப் பதினோரு பேர். வெள்ளம் அவர்கள் மீது மோதி மேலே எழும்பியது. அவர்களுக்குக் கீழ்ப்பக்கம், மொட்டையன் நின்ற இடத்தில், தண்ணீர் தணிந்து இளைத்தது. மொட்டையன் காலை உருவி எடுத்தான்.

தன் இரை கைவிட்டுப் போவதைப் பார்த்த பெரும்பல்லன் தண்ணீருக்குள் பாய்ந்து கூழைவாலியின் இடுப்பைக் கவ்வினான். அவள் அசையவில்லை. அசைந்தால் வரிசை உடையும். பல் எலும்பில் இறங்கி முறிந்தது. அவன் வாயெல்லாம் ரத்தமாகக் கரைக்குத் திரும்பினான்.

"அக்கா" என்றான் மொட்டையன், அவளைக் கடக்கும்போது.

"நட. நின்னு பேசுனேன்னா நானே கடிச்சிருவேன்."

அவன் ஒவ்வொரு விலாவாகத் தடவிக்கொண்டே போனான். அக்கரையில் குட்டிகள் அவனுக்கு வழிவிட்டன.

கூழைவாலி மறுபடி ஊதுவதற்காக மூச்சை இழுத்தபோதுதான், மேலே ஆற்றின் திருப்பத்தில் கரை மொத்தமும் சரிந்தது. தேவதாரு மரத்தின் உயரத்துக்குச் சேறு எழுந்து வந்தது. ஓட நேரமில்லை. தழும்பி ஊதினாள். அவளுக்கு அடுத்தவன் ஊதினான். வரிசை முழுவதும் ஒருவர் பின் ஒருவராக ஊதல் நகர்ந்து வந்தது. மேட்டில் நின்ற குட்டிகள் கேட்டுக்கொண்டிருந்தன. கடைசியாக வந்தது கூழைவாலியின் குரல். குரலில் நடுக்கம் இல்லை.

பிறகு சேறு அவர்கள் மேல் இறங்கியது.

சேறு தன் வழக்கமான வேலையைத் தொடங்கியது. கூழைவாலியின் காலைப் பிடித்து இழுத்தது. வரவில்லை. அடுத்தவன் விலா குறுக்கே இருந்தது. அவனை இழுத்தது. அவனுக்கு அடுத்தவள் இருந்தாள்.

"விடு" என்றது சேறு. "உயிரே போயாச்சு. இனிமே ஒட்டிக்கிட்டு என்ன செய்யப்போற?"

"நிக்கப்போறேன்" என்றாள் கூழைவாலி.

"மொட்டைத்தலை ஒருத்தனுக்காக இத்தனை பேரா? நான் எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தைப் பாத்ததில்ல."

"ஊதுனோம். நின்னோம். இதுல உனக்கு என்ன புரியல?"

சேறு இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தது.

"கடைசியில எல்லாரும் என்கிட்ட ஏதாவது கேப்பாங்க. உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். கரைக்கணும்னா கரைச்சுக்கோ. பிரிக்காதே."

கெஞ்சுகிறவர்களைச் சேற்றுக்குப் பழக்கம். வேண்டாம் என்று சொன்ன ஒருத்தியிடம் என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. முதல் தடவையாக வேலையை நிறுத்தியது. நிறுத்திய பிறகுதான் தன்மேல் சாய்ந்திருந்த தோலை உணர்ந்தது. சின்னச் சின்னக் கூழாங்கல் பரப்பியதுபோன்ற தோல், மடிப்புகளில் நெருக்கமாகவும் விலாவில் அகலமாகவும். எல்லாவற்றையும் உடனே கரைத்துவிடுகிற அவசரத்தில், தோல் எப்படி இருக்கும் என்பதே அதுவரை சேற்றுக்குத் தெரியாது. ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தது. பன்னிரண்டாவது உடம்பையும் பதின்மூன்றாவது உடம்பையும்கூட விடாமல் பார்த்தது. அசைந்தால் அச்சுக் கலைந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டது. பார்த்துக்கொண்டே இருந்ததில், தான் கல்லாகிக்கொண்டிருப்பது அதற்கே தெரியவில்லை.

வறண்ட மேட்டு நிலங்களில் பாறையைப் பிளந்து பழைய எலும்பு தேடுகிறவர்களுக்குப் பெரும்பல்லன் பல சமயம் ஒற்றைப் பல்லாகவே கிடைப்பதும், வாத்துவாய்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக, சிலசமயம் தோலின் புள்ளிகூடக் கலையாமல் கிடைப்பதும் அந்தச் சேறு கல்லாகி நின்ற நாள் முதல்தான்.