மூத்திரப்பையில் எந்த இடம்?

லாரி டிரைவர் சவரிமுத்துவுக்கு மூத்திரப்பையில் புற்றுநோய். மறுநாள் காலை ஆபரேஷன். மாலைக்குள் இன்சூரன்ஸ் அனுமதி வராவிட்டால் கட்டிலைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சர்ஜன் ராஜமாணிக்கமோ கேஸ் ஷீட்டில் "மூத்திரப்பைப் புற்று" என்று மட்டும் எழுதியிருந்தார். பையில் எந்த இடம் என்று தெரிந்தால்தான் இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கும் நோய்க் குறியீட்டு எண்ணைப் போட முடியும். டாக்டர் எழுதாத இடத்தை, எண் போடுகிறவர்கள் தாங்களாக ஊகித்துப் போடக் கூடாது.

எண் போடும் வேலைக்குப் புதிதாக வந்த முபீனா வார்டுக்கே ஓடி வந்தாள்.

"எந்த இடம்னு ஒரு வார்த்தை எழுதிடுங்க சார்!"

"பைன்னு எழுதியாச்சுல்ல? மிச்சத்தை நீயே யோசிச்சுப் போடு. எனக்குப் பாடம் நடத்த வந்துட்டா!"

முபீனா கதவுவரை போய்த் திரும்பினாள்.

"சேர்மன் உங்களை உடனே வரச் சொன்னார் சார்."

டாக்டர் துள்ளி எழுந்தார். "எங்கே?"

"ஆஸ்பத்திரிக்குள்ளதான்."

"ஏழு மாடி இருக்கே, எங்கேம்மா?"

"ஆஸ்பத்திரின்னு சொல்லியாச்சே சார். மிச்சத்தை நீங்களே யோசிச்சுப் போங்க."

நர்ஸ்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சவரிமுத்து வலியை மறந்து கட்டில் அதிரச் சிரித்தார். முகம் சிவந்த டாக்டர், "இடது பக்கச் சுவர்" என்று எழுதி ஷீட்டை நீட்டினார்.

"இந்தா! இப்பவாவது சொல்லு, சேர்மன் எங்கே?"

"சிங்கப்பூர்ல சார்! அடுத்த வாரம்தான் வர்றார்!"

சொல்லும்போதே அவள் பாதிப் படி இறங்கியிருந்தாள். வார்டுக்கு மாலைக் காபி வருவதற்குள் அனுமதி வந்துவிட்டது.